குரோஷே சந்தேகங்கள்: ஓரம் மட்டும் ஏன் நேராக வருவதில்லை?

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஓரத்தைப் பற்றியவை. பதிலுக்குப் போகும் முன் ஒரு விஷயம். ஸ்டிச் (பின்னல் கண்ணி) வகைகளுக்கு நான் சொல்லும் பெயர்கள் அமெரிக்க முறை: சிங்கிள் குட்டையான ஸ்டிச், டபுள் அதைவிட உயரமானது. பிரிட்டிஷ் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு என் சிங்கிள் அங்கே டபுள், என் டபுள் அங்கே ட்ரெபிள்.

கேள்வி: மஃப்ளர் போடலாம் என்று 20 டபுள் குரோஷேயில் ஆரம்பித்தேன். ஏழாவது வரிசையில் எண்ணினால் 14தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சரிந்து முக்கோணமாகப் போகிறது. என் கை இறுக்கமா அக்கா?

பதில்: கை மேல் பழி போடாதீர்கள். கை இறுகினால் துணி குறுகும், எண்ணிக்கை குறையாது. ஆறு வரிசையில் ஆறு ஸ்டிச் போயிருக்கிறது, அதாவது வரிசைக்கு ஒன்று. இப்படி ஒழுங்காகக் குறைந்தால் நான் முதலில் பார்ப்பது வரிசையின் கடைசி ஸ்டிச்சைத்தான். அதைப் போடாமலே நீங்கள் திருப்பிவிடுகிறீர்கள்.

டபுள் குரோஷேயில் வரிசை தொடங்கும்போது மூன்று செயின் (சங்கிலி போலக் கோத்த வளையங்கள்) போடுகிறோம் இல்லையா, அது வெறும் ஏறும் படி மட்டும் இல்லை, அதுவே முதல் ஸ்டிச். அதனால் செயினுக்கு நேர் கீழே இருக்கும் ஸ்டிச்சை விட்டுவிட்டு அடுத்ததில் ஊசியை விட வேண்டும். வரிசை முடிவில், போன வரிசையின் அந்த மூன்று செயினின் உச்சியில் கடைசி ஸ்டிச்சைப் போட வேண்டும். பார்க்க அது ஸ்டிச் மாதிரியே இருக்காது. ஒல்லியாக, ஓரமாகச் சாய்ந்து நிற்கும். புதிதாகக் கற்பவர் கண்ணுக்கு வரிசை அதற்கு முன்பே முடிந்துவிடும். துணியைத் திருப்பித் திருப்பிப் போடுவதால் ஒரு வரிசையில் இடப்பக்கம் ஒன்று விடுபடும், அடுத்ததில் வலப்பக்கம். முக்கோணம் அப்படித்தான் வருகிறது.

மூன்றாவது செயினைப் போட்ட கையோடு அதில் வேறு நிறத் துண்டு நூல் ஒன்றை நுழைத்து வையுங்கள். திரும்பி வரும்போது ஊசி எங்கே போக வேண்டும் என்று அது காட்டும். இதற்கென்றே விற்கும் ஸ்டிச் மார்க்கர் (அடையாள வளையம்) வாங்கினாலும் சரி. ஊக்கு வேண்டாம், அதன் முனை நூல் இழையைப் பிரித்துவிடும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். எண்ணும்போது ஊசியில் தொங்கும் வளையம் கணக்கில் வராது. 20 டபுள் வேண்டுமென்றால் ஆரம்பத்தில் 22 செயின் போட்டு, ஊசியிலிருந்து நான்காவது செயினில் டபுளைத் தொடங்க வேண்டும். விட்ட மூன்று செயின்தான் முதல் டபுள் கணக்கு.

முதல் வரிசைக்கு மேல் போட்ட ஆறு வரிசையையும் பிரித்துவிடுங்கள். நடுவில் ஸ்டிச் கூட்டிச் சமாளிக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அப்புறம், நீங்கள் எடுத்திருப்பது கறுப்பு நூல் என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கறுப்பு நூலோடு வகுப்புக்கு வருபவர்களை நான் நூலை மாற்றிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். வெளிர் நிறம், முறுக்கு நன்றாக இருக்கும் வழவழப்பான நூல், 5 மி.மீ. ஊசி. பொசுபொசுவென்ற நூலெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. சிங்கிள் குரோஷேயில் வரிசைக்கு வரிசை அகலம் கூடுகிறது.

பதில்: சிங்கிளில் திரும்பும்போது போடும் ஒரு செயின் கணக்கில் வராது. முதல் சிங்கிள் நேராக முதல் ஸ்டிச்சிலேயே போக வேண்டும். கடைசி சிங்கிளைப் போட்ட பிறகு ஓரத்தில் முடிச்சு மாதிரி ஒன்று தெரியும். அது அந்த ஒற்றைச் செயின்தான். அதிலும் ஊசியை விட்டுக்கொண்டிருப்பீர்கள். விடாதீர்கள்.

கேள்வி: எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. ஆனாலும் ஓரம் ரம்பப் பல் மாதிரி மேடும் பள்ளமுமாக வருகிறதே?

பதில்: இது கொஞ்சம் தந்திரமான தவறு, எண்ணினாலும் சிக்காது. மூன்று செயின் போட்ட பிறகு அதன் காலடியிலும் ஒரு டபுள் போடுகிறீர்கள். முடிவில் செயின் உச்சியை விட்டுவிடுகிறீர்கள். ஒரு முனையில் ஒன்று கூடி, மறுமுனையில் ஒன்று குறைந்து, மொத்தம் சரியாக நிற்கிறது. முதல் ஸ்டிச்சுக்கும் கடைசி ஸ்டிச்சுக்கும் அடையாளம் வைத்துப் பின்னிப் பாருங்கள், இரண்டே வரிசையில் தெரிந்துவிடும்.

அடையாளம் வைத்தும் சரியாகத்தான் போடுகிறீர்கள், ஆனால் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை தெரிகிறது என்றால் அது வேறு கதை. மூன்று செயின் ஒரு டபுளை விட ஒல்லி, அதனால் பக்கத்தில் இடைவெளி விழும். நான் மூன்று செயினே போடுவதில்லை. இரண்டு செயின் போட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல், முதல் ஸ்டிச்சிலேயே டபுளைத் தொடங்குவேன். முடிவில் செயினைத் தொடவே மாட்டேன். எனக்கு இதில்தான் ஓரம் அடர்த்தியாக அமைகிறது. எந்த முறையானாலும் ஒரு துணியில் ஒன்றுதான். பாதியில் மாறினால் மாறிய இடம் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: பக்கங்கள் நேர்தான். அடிவரிசை மட்டும் வில்லாக வளைந்திருக்கிறது.

பதில்: முதலில் போடும் அடிச் செயின் இறுக்கம். செயினுக்கு மட்டும் பெரிய ஊசி எடுங்கள். 4 மி.மீ.யில் பின்னுகிறீர்கள் என்றால் செயினை 5 மி.மீ.யில் போட்டுவிட்டு ஊசியை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: கோணல் ஓரத்தைச் சுற்றி பார்டர் போட்டு மறைத்துவிடலாமா? இல்லை, அயர்ன் பண்ணினால் நேராகிவிடுமா?

பதில்: சின்ன நெளிவு மறையும். ஸ்டிச் குறைந்த சரிவு மறையாது, பார்டரும் அதோடு சேர்ந்து சரியும். போடுவதானால், சிங்கிள் வரிசைகளின் பக்கவாட்டில் வரிசைக்கு ஒரு சிங்கிள், டபுள் வரிசைகளில் வரிசைக்கு இரண்டு, மூலையில் ஒரே இடத்தில் மூன்று. பார்டர் அலை அலையாக நெளிந்தால் ஸ்டிச்சைக் குறையுங்கள், சுருங்கி இழுத்தால் கூட்டுங்கள்.

அயர்ன் விஷயத்தில் முதலில் நூல் சுற்றியிருந்த லேபிளைப் படியுங்கள். அக்ரிலிக் என்றால் சூடான பெட்டியை மேலே வைக்கவே கூடாது. இழை இளகித் துணி துவண்டுவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. பருத்தி நூல் என்றால் நனைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, கெட்டியான மெத்தை விரிப்பில் அளவுக்கு இழுத்து, ஓரம் நெடுகக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். துருப்பிடிக்காத குண்டூசியாகப் பார்த்து எடுங்கள், வெள்ளை நூலில் துருக்கறை போகாது.