ஒரு கால்பந்து கிளப்புக்கு ஆயுள் முழுக்க ரசிகராக இருப்பது எப்படி நடக்கிறது?

வேலை, ஊர், கட்சிகூட மாறுகிறது, கிளப் மட்டும் ஏன் மாறுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நாம் அதைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. அப்பாவோ மாமாவோ அண்ணனோ சின்ன வயதிலேயே ஒரு ஜெர்சியை மாட்டிவிடுகிறார்கள்.

தொலைவில் இருப்பவர்களுக்குச் சில சமயம் ஒரே ஆட்டம் போதும். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2005 இறுதிப் போட்டி, இஸ்தான்புல். இடைவேளையில் ஏசி மிலானிடம் 0-3 என்று பின்தங்கியிருந்த லிவர்பூல், பிறகு ஆறே நிமிடங்களில் மூன்று கோல் போட்டது. பெனால்டியில் கோப்பையையும் வென்றது. அதைப் பார்த்த சிறுவன் வேறு எந்த அணிக்குப் போவான்?

ஆனால் ஆளை இறுக்கிப் பிடிப்பது தோல்விதான் என்பேன். மான்செஸ்டர் சிட்டி 1998-ல் இங்கிலாந்து லீக்குகளின் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது; ரசிகர்கள் அங்கேயும் திரண்டு வந்தார்கள். சேர்ந்து திட்டி, சேர்ந்து புலம்பியவர்கள் நண்பர்களாகிவிடுகிறார்கள். அப்புறம் கிளப்பை விடுவதென்றால் அவர்களையும் விட வேண்டும். (அணி தாவியவருக்குக் கிடைக்கும் கேலி தனிக் கதை.) "இனி பார்க்கவே மாட்டேன்" என்று டிவியை அணைத்தவரே, அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று தேடிக்கொண்டிருப்பார்.