கடல் காற்றாலையும் டால்பின்களும்: வாசகர் கேள்விகள்

கே: காற்றாலை சுற்றும் சத்தத்தில் டால்பின்களுக்குக் காது கேட்காமல் போய்விடுமா?

போகாது. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. சுற்றும்போது எழுவது தாழ்ந்த உறுமல். கொஞ்சம் தள்ளிப் போனால் கப்பல் இரைச்சலோடு கலந்துவிடும். ஆபத்து தூண் நடும் நாட்களில். ஆறேழு மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாயை ஹைட்ராலிக் சம்மட்டியால் கடலடியில் இறக்குவார்கள். ஒரு தூணுக்கே ஆயிரக்கணக்கான அடி விழும். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பகுதியில் அப்படி அடித்தபோது, சுமார் 20 கி.மீ. தொலைவில்கூட போர்பாய்ஸ்களின் நடமாட்டம் குறைந்தது. டால்பினின் குட்டை உறவு இது. உடம்பு சிறியது, கடல் குளிர்ந்தது. அதனால் ஏறக்குறைய ஓயாமல் இரை தேட வேண்டிய பிராணி. இரண்டு நாள் இடம்பெயர்வு நமக்குச் சின்ன விஷயம், அதற்கு அப்படியல்ல.

கே: காற்றுக் குமிழியால் சத்தத்தை அடக்குகிறார்களாமே, நம்பலாமா?

நம்பலாம். துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றிக் கடலடியில் பெரிய வளையமாகப் போடுவார்கள். பக்கத்துக் கப்பலில் வரிசையாக நிற்கும் கம்ப்ரஸர்கள் காற்றைச் செலுத்த, சற்று நேரத்தில் கடல்மேல் ஒரு வெள்ளை வட்டம் உலைபோலக் கொதிக்கும். குமிழியில் மோதும் ஒலி சிதறும், கொஞ்சம் உறிஞ்சவும் படும். சரியாக அமைந்தால் 10 டெசிபலுக்கு மேல் குறையும். பத்துதானா என்று நினைக்காதீர்கள். ஒலியாற்றல் பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். (நீரின் டெசிபலைக் காற்றின் டெசிபலோடு ஒப்பிடவும் வேண்டாம், அளவுகோலே வேறு.)

ஜெர்மனியில் 750 மீட்டர் தொலைவில் ஓர் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால், குமிழித் திரையை ஆய்விலிருந்து அன்றாட வேலைக்கு இழுத்து வந்தது அந்த எண்தான். குறையும் உண்டு. நீரோட்டம் வலுத்தால் குமிழிகள் அடித்துச் செல்லப்பட்டுத் திரையில் ஓட்டை விழும். ஆழம் கூடக் கூடப் பலன் குறையும்.

கே: முதலில் விரட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது பாதுகாப்புதானே?

காதுக்குப் பாதுகாப்பு, வயிற்றுக்கு அல்ல. பிரிட்டனின் வழிகாட்டுதல்படி, தூணைச் சுற்றிக் குறைந்தது 500 மீட்டர் தூரம் வரை டால்பின் இருக்கிறதா என்று அரை மணி நேரம் கண்காணித்து, பிறகு அவை விலகிப் போக 20 நிமிடமாவது மெல்லத் தட்டித் தட்டி வேகம் கூட்ட வேண்டும். இருட்டிலும் மூடுபனியிலும் தொலைநோக்கி உதவாது. அப்போது ஹைட்ரோஃபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) வேண்டும். போர்பாய்ஸின் 'டிக்' ஒலி 130 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், நம் காது 20-ஐத் தாண்டாது. சத்தமே எழுப்பாமல் மிதக்கும் பிராணியை அந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது.

தைவானின் மேற்குக் கரையை ஒட்டிய குறுகிய ஆழமற்ற பட்டையில் வாழும் வெள்ளை டால்பின்கள் நூறுகூட இல்லை. அவற்றை விரட்டினால் எங்கே போகும்? அங்கே தூணைத் தள்ளி நடுவதுதான் வழி.

கே: அமெரிக்காவில் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கிச் சாவதற்குக் காற்றாலைதான் காரணமா?

அதற்கு ஆதாரம் இல்லை. அட்லாண்டிக் கரையில் கூனல் திமிங்கில இறப்புகள் 2016 ஜனவரியிலிருந்தே வழக்கத்தைவிட அதிகம். பரிசோதித்த உடல்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் கப்பல் மோதிய அல்லது வலையில் சிக்கிய அடையாளம் இருந்தது. ஆனால் காற்றாலைக்குப் போய்வரும் படகுகளும் படகுகள்தான். 400-க்கும் குறைவாக எஞ்சியுள்ள வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் திரியும் கடலில் படகுகளை 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தைத் தாண்ட விடக் கூடாது என்பேன்.

கே: தூண்களைச் சுற்றி மீன் பெருகுமா?

பெருகலாம், அல்லது வேறிடத்து மீன் அங்கே வந்து சேரலாம், இரண்டும் ஒன்றல்ல. தூணில் மட்டி படிய, அதைத் தேடி மீன் வரும். வட கடலில் சில சீல்கள் (கடல்நாய்கள்) தூண் தூணாகப் போய் இரை தேடியது அவற்றின் உடலில் பொருத்திய கருவிகளில் பதிவாகியிருக்கிறது.

கே: எங்கள் கடலுக்குத் திட்டம் வந்தால் கூட்டத்தில் என்ன கேட்பது?

எந்த மாதத்தில் அடிக்கிறீர்கள், அது குட்டி ஈனும் பருவமா என்று கேளுங்கள். சத்தத்தை அளப்பது யார், அந்த அளவு எப்போது வெளியிடப்படும்? முக்கியமாக, டால்பின் தென்பட்டால் சம்மட்டியை நிறுத்தும் அதிகாரம் கப்பலில் யாருக்கு, அவருக்குச் சம்பளம் தருவது யார்?