பல் கறுக்கிறது என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

மண்டபம் ஊரிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

எச்ஐவி மருந்து குடிக்கும் நான்கு வயது மகனின் முன்பற்கள் கறுக்கின்றன, மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம், ஒரு வேளைகூட. பல்லை அரிப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலம். இனிப்பான சிரப்பும் அவற்றுக்குத் தீனிதான். குடித்ததும் தண்ணீர் கொடுங்கள். கருப்பட்டி கெடுதல் செய்யாது என்று நம் பக்கத்தில் பாலில் கலந்து கொடுப்பார்கள். பல்லுக்கு அதுவும் சர்க்கரையே. ஃப்ளூரைடு பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, காலையிலும் படுக்கும் முன்பும் நீங்களே தேய்த்துவிடுங்கள். வாயில் வெள்ளைப் படலம் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் காட்டுங்கள்.

பல் மருத்துவரிடம் சொல்லப் பயப்படுகிறீர்கள், புரிகிறது. எச்ஐவியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. இந்த வாரமே அழைத்துப் போங்கள்.