இராத்திரி மந்தை

அன்புள்ள அக்கா,

என் ஊர் தரங்கம்பாடிப் பக்கம். பரம்பரையாக லுத்தரன் சபைக் கிறிஸ்தவர்கள். இப்போது நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். போன ஞாயிறு நண்பர் ஒருவர் மன்ஹாட்டனில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் லுத்தரன் ஆலயத்தின் மாலை ஆராதனைக்கு அழைத்துப்போனார். பியானோ, டிரம்ஸ், பாஸ், சாக்ஸபோன். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து படித்தார்கள், ஜெபித்தார்கள், நடுநடுவே ஜாஸ். ஒரு ஜாஸ் வாசிப்பு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. மதுக்கடையில் வளர்ந்த இசையைப் பலிபீடத்தின் முன் வைக்கலாமா? வாசித்தவர்கள் விசுவாசிகள்தானா என்றுகூடத் தெரியவில்லை. காலையில் எழ முடியாத சோம்பேறிகளுக்காக வைத்த ஆராதனை என்றே தோன்றியது. என் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

கைதட்டுவதும் தட்டாததும் உங்கள் விருப்பம். வாசித்தவர்களின் விசுவாசத்தை விசாரிக்கும் வேலை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் 'சோம்பேறிகள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அந்த ஆராதனை ஏன் மாலை ஐந்து மணிக்கு நடக்கிறது என்று நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜான் கார்சியா கென்சல் என்ற லுத்தரன் போதகர் 1965இல் தொடங்கியது அது. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். நியூயார்க்கின் ஜாஸ் விடுதிகளுக்கு இரவில் போய், வாசிப்பவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அவர்களுக்குச் சனிக்கிழமை இரவுதான் வேலை நெருக்கும். கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது ஞாயிறு பிறந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். அப்படி வீடு திரும்பியவனைக் காலை ஆராதனைக்கு வா என்றால் எப்படி வருவான்? அவன் விழித்திருக்கும் நேரத்துக்குக் கென்சல் ஆராதனையைத் தள்ளி வைத்தார். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் இவருக்காகவே ஓர் இசை எழுதினார். இராத்திரி மந்தையைக் காக்கும் மேய்ப்பன் என்பது அதன் தலைப்புக்குப் பொருள். 1968இல் நியூயார்க்கின் செயின்ட் ஜான் பேராலயத்தில் நடந்த எலிங்டனின் இரண்டாவது புனித இசை நிகழ்ச்சியில் அதுவும் இடம்பெற்றது. பெத்லகேமில் இயேசு பிறந்த நற்செய்தி முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது, தம்பி? இரவில் கண்விழித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு.

என் அப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். சனிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு என்றால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தெருத்தெருவாக நடந்து வாசித்துவிட்டு, விடிவதற்குச் சற்று முன்பு வீடு வருவார். மேலுதட்டில் வட்டமாக ஒரு தடம் பதிந்து சிவந்திருக்கும். அம்மா அதில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார். ஆணியில் தொங்கும் சிவப்புக் கோட்டின் அக்குளில் வேர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது அப்பா பாயில் அசையாமல் கிடப்பார். எழுப்பாதே என்று அம்மா விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போவார்.

ஒரு ஞாயிறு குருவானவர், சோம்பேறியை எறும்பினிடத்தில் போகச் சொல்லும் நீதிமொழிகள் வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். பிரசங்கம் நெடுக எங்கள் வரிசையைத்தான் பார்த்தார். அம்மா தலை நிமிரவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இரவெல்லாம் நடந்து, மூச்சைப் பிடித்து ஊதி, எங்களுக்கு அரிசி வாங்கியவருக்கு அந்தச் சபை வைத்த பெயர் சோம்பேறி. ஆனால் சபையில் ஒரு சாவு என்றால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். கல்லறைத் தோட்டம் வரை அப்பா ஞானப்பாட்டு வாசித்துக்கொண்டு போவார். அதற்கு ஒருநாளும் காசு வாங்கியதில்லை. அன்றைக்கு மட்டும் யாரும் எறும்பைப் பற்றிப் பேசியதில்லை. மாலையில் ஓர் ஆராதனை வைத்திருந்தால் அப்பா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பார். அந்திப்பலி என்று சங்கீதத்திலேயே ஒரு சொல் இருக்கிறது. அந்தி நேரத்து ஜெபம் சபைக்குப் புதிதா என்ன?

மதுக்கடை இசை என்கிறீர்கள். நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்களின் சவ ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக் குழு கல்லறை வரை ஞானப்பாட்டை மெதுவாக வாசித்துக்கொண்டு போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலாக வாசிக்கும். அந்தத் தெருக்களிலும் வளர்ந்ததுதான் ஜாஸ். 1967 ஜூலையில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் இறந்தபோது இறுதி ஆராதனை செயின்ட் பீட்டர்ஸில்தான் நடந்தது. சக ஜாஸ் கலைஞர்கள் ஆல்பர்ட் ஐலரும் ஆர்னெட் கோல்மனும் தங்கள் குழுக்களோடு வந்து வாசித்தார்கள். 1982இல் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்குக்கும் அங்கேதான். இவர்கள் உயிரோடு இருந்த காலத்திலும் அந்தக் கதவு இவர்களுக்குத் திறந்திருந்தது, தம்பி. எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு வாசிக்க மட்டுமே அப்பாவைத் தேடினார்கள்.

நான் அங்கே ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். ஆலயத்தின் தளம் தெருவைவிடத் தாழ்வாக இருக்கும். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஒருவர் காய்கறிப் பையோடு நின்று கீழே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்பெட் வாசித்த பெரியவர் தன் பகுதி முடிந்ததும் கருவியை மடியில் சாய்த்து, உள்ளே தேங்கியிருந்த எச்சிலை ஒரு துணியில் வடித்தார். ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். எனக்கு மூட முடியவில்லை. அவர் மேலுதட்டில் அதே வட்டம். ஆமென் சொல்லும்போது அது சிவந்து தெரிந்தது.

பிள்ளைகளை அழைத்துப்போங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
அக்கா