எலிக்கு வேலை செய்த மாத்திரையை அண்ணனுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 47 வயது. ஆறு மாதங்களுக்கு முன் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று சொன்னார்கள். வலது கை பலவீனமாகிவிட்டது. பேச்சு இன்னும் தெளிவாக இருக்கிறது. வேறொரு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று, இந்த நோய் உள்ள சுண்டெலிகளின் ஆயுளைக் கூட்டியதாகப் போன வாரம் ஒரு செய்தி படித்தேன். மருந்துக் கடையில் கிடைக்கிற மாத்திரைதான். அது இந்த நோய்க்கான மருந்தாக எப்போது வரும்? அதுவரை காத்திருக்காமல் இப்போதே கொடுக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து கொடுக்காதீர்கள். மருத்துவர்களுக்கே உரிய எச்சரிக்கையால் இதைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இதே நோயில், இதே போன்ற ஒரு மாத்திரையால், இதே கேள்வி முன்பு ஒருமுறை எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மினோசைக்ளின் என்று ஒரு பழைய ஆன்டிபயாடிக் இருக்கிறது. முகப்பருவுக்குக்கூடக் கொடுப்பார்கள். 2002-இல் வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவைச் சொன்னார்கள்: ஏ.எல்.எஸ். உள்ள சுண்டெலிகளுக்கு இதைக் கொடுத்தால் நோய் தள்ளிப்போகிறது, எலிகள் கூடுதல் நாள் வாழ்கின்றன. மூளைக்குள் செல்லக்கூடிய மருந்து, மனிதர்கள் பல காலமாகச் சாப்பிட்டு வருவது, விலையும் குறைவு. இதைவிட நல்ல தொடக்கம் ஒரு மருந்துக்குக் கிடைப்பது அபூர்வம். அப்புறம் 412 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மினோசைக்ளினும் மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் முடிவு வந்தது. மினோசைக்ளின் சாப்பிட்டவர்களுக்கு நோய் 25 சதவீதம் வேகமாக முற்றியிருந்தது. பயனில்லை என்பதோடு நிற்காமல் கெடுதலும் செய்திருந்தது. அந்த ஒப்பீடு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், வீட்டில் தாமாகவே வாங்கிக் கொடுத்த எந்தக் குடும்பத்துக்கும் இது தெரிந்தே இருக்காது. ‘நோய்தானே முற்றுகிறது’ என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எலியில் வேலை செய்தது மனிதரில் ஏன் வேலை செய்வதில்லை? இந்த நோயைப் பொறுத்தவரை காரணங்கள் ஓரளவு தெளிவானவை. 1993-இல், பரம்பரையாக ஏ.எல்.எஸ். வரும் சில குடும்பங்களில் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பிழையுள்ள மனித மரபணுவைச் சுண்டெலிக்குள் செலுத்தி, கைகால் விளங்காமல் போகும் எலியை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த எலியை நம்பியே நடந்தன. ஆனால் ஏ.எல்.எஸ். உள்ள நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்குத்தான் அந்தப் பிழை இருக்கும். மற்றவர்களின் நோய் வேறு வழியில் தொடங்கியிருக்கலாம். இன்னொன்று, எலிக்குப் பெரும்பாலும் அறிகுறி தெரிவதற்கு முன்பே மருந்து தொடங்கிவிடுவார்கள். உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்கோ முதல் அறிகுறியிலிருந்து நோயின் பெயர் தெரியவே சராசரியாக ஓராண்டு ஆகிவிடுகிறது. அதற்குள் தசைகளை இயக்கும் நரம்பணுக்களில் பெரும் பங்கு போய்விடுகிறது.

மூன்றாவது காரணம் கொஞ்சம் வருத்தமானது. எலி ஆய்வுகள் பலவும் சிறியவை. ஒரு குழுவுக்குப் பத்து எலிகள் என்று வைத்தால், ஆண் எலி எத்தனை, பெண் எலி எத்தனை, எவை ஒரே தாயின் குட்டிகள் என்பவைகூட ஆயுள் கணக்கை மாற்றிவிடும். அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். நோய்க்காகவே இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனம், 70-க்கும் மேற்பட்ட மருந்துகளை அதே எலியில், தேவையான எண்ணிக்கையில், கவனமாகத் திரும்பச் சோதித்தது. முன்பு நல்ல பலன் தந்ததாக அறிவிக்கப்பட்ட பல மருந்துகள் அதில் இருந்தன. எதுவுமே எலியின் ஆயுளைக் கூட்டவில்லை. 2008-இல் அதை வெளியிட்டார்கள். பலன் என்று நம்பியதில் பெரும்பகுதி தற்செயலான ஏற்ற இறக்கமாகவே இருந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. யாரும் பொய் சொல்லவில்லை. சிறிய ஆய்வில் நல்லதாகத் தெரிந்தது வெளியாகிறது, தெரியாதது மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

சரி, மருந்து எப்போது வரும்? மேலே சொன்ன எஸ்.ஓ.டி.1 கதையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பிழையான மரபணு தெரிந்தது 1993. அந்த மரபணுவின் கட்டளையை இடைமறித்து, கெட்ட புரதம் உருவாகாமல் தடுக்கும் மூலக்கூறு ஒன்றைத் தண்டுவட நீருக்குள் ஊசியாகச் செலுத்திப் பார்த்த முதல் சிறு ஆய்வு வெளியானது 2013. அது பாதுகாப்பாக இருந்தது, ஆனால் வலு போதவில்லை. மாற்றி வடிவமைத்தார்கள். அதுதான் டோஃபெர்சன். 108 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், 28 வாரத்தில் கைகால் செயல்பாட்டில் உறுதியான வித்தியாசம் காட்ட முடியவில்லை. ஆனால் நரம்பு சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் தெளிவாகக் குறைந்தது. அதை வைத்தே 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. முப்பது ஆண்டுகள், அதுவும் நூறில் இரண்டு பேருக்கான மருந்துக்கு. இதைச் சொல்வது உங்கள் நம்பிக்கையைக் குலைக்க அல்ல. இந்த நோயில் காரணத்தையே குறிவைத்து வந்த முதல் மருந்து அது, அதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன்.

நீங்கள் படித்த மாத்திரை ஏற்கெனவே விற்பனையில் இருப்பதால், நச்சுத்தன்மைச் சோதனைகள் பலவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியிராது. அது சில ஆண்டுகளை மிச்சப்படுத்தும். ஆனாலும் வேறு ஆய்வகம் ஒன்று அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும், நோயாளிகளுக்கு எந்த அளவு என்று முடிவுசெய்ய வேண்டும், சில டஜன் பேரிடம், அப்புறம் சில நூறு பேரிடம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் நன்றாக நடந்தாலும் ஐந்தாறு ஆண்டுகளுக்குக் குறையாது. எல்லாம் நன்றாக நடப்பதும் அரிது. எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்த்தால், மனித ஆய்வுக்குள் நுழையும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை போகிறது.

மனிதரில் சோதித்தது என்று செய்தி வந்தாலும் எண்ணிக்கையைப் பாருங்கள். 2008-இல், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைக் கொடுத்த 16 நோயாளிகளிடம் நோய் ஏறத்தாழ நின்றுபோனதாக ஒரு சிறு ஆய்வு வந்தது. உலகம் முழுவதும் நோயாளிகள் தாமாகவே லித்தியம் சாப்பிடத் தொடங்கினார்கள். பிறகு நடந்த ஒழுங்கான ஆய்வுகள் ஒவ்வொன்றும் பலன் இல்லை என்றே சொல்லின. 2022-இல் அமெரிக்காவில் 137 பேரின் ஆய்வை வைத்து ரெலிவ்ரியோ என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 664 பேரிடம் அடுத்த ஆய்வு நடந்தது. 2024-இல் அதில் பலன் தெரியவில்லை என்றதும் நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே செய்தியைப் படித்ததும் கேட்க வேண்டியது: எந்த உயிரினத்தில், எத்தனை பேரிடம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு இருந்ததா, வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இனி, இப்போது என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் கேளுங்கள். எஸ்.ஓ.டி.1 பிழை இருந்தால் டோஃபெர்சனுக்கு வழி இருக்கிறது. வேறு மரபணுப் பிழை தெரிந்தால் அதற்கென நடக்கும் ஆய்வுகளைத் தேடலாம். முடிவு உங்களையும் அண்ணனின் பிள்ளைகளையும் தொடும் என்பதால், பரிசோதனைக்கு முன்பே மரபணு ஆலோசகரோடு பேசிவிடுவது நல்லது.

ஏ.எல்.எஸ். நோய்க்கென்றே உள்ள ரிலுசோல் மாத்திரை தொடங்கியிருக்கிறார்களா? ஆய்வுகளில் அது சில மாதங்களைக் கூட்டிக் கொடுத்தது. பெரிய பலன் இல்லைதான், ஆனால் மெய்ப்பிக்கப்பட்ட பலன். அதைவிட முக்கியமாக நான் கருதுவது மூச்சு, ஏனென்றால் இந்த நோய் மூச்சுத் தசைகளையும் பலவீனமாக்கும். தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்று செலுத்தும் கருவியைச் சரியான நேரத்தில் தொடங்கினால் ஆயுள் கூடுகிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பேச்சும் விழுங்குதலும் அதிகம் பாதிக்கப்படாதவர்களுக்கு அது ஆயுளை நடுமதிப்பில் 205 நாட்கள் கூட்டியது. எந்த மாத்திரையும் இந்த அளவுக்குக் கொடுத்ததில்லை. தலைப்புச் செய்தி ஆகாததால் குடும்பங்கள் இதைத் தாமதமாகவே கேட்கின்றன. காலையில் தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு, படுத்தால் மூச்சு முட்டுவது என்று ஏதாவது இருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது, ஆய்வில் சேர்வது. மருந்து ஆய்வுகளைத் தொடங்குவதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. உலக சுகாதார நிறுவனத்தின் தேடல் தளத்தில் பல நாட்டுப் பதிவேடுகளையும் ஒன்றாகப் பார்க்கலாம். ஏ.எல்.எஸ். ஆய்வுகள் பலவும் அறிகுறி தொடங்கி ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர்களையும், மூச்சுத்திறன் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பவர்களையும் மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன. அண்ணனுக்கு இப்போது அந்தக் கதவு திறந்திருக்கலாம், ஓராண்டு கழித்துத் திறந்திருக்குமா என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. நிரூபிக்கப்படாத மாத்திரையைத் தாமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை அநேக ஆய்வுகள் ஏற்பதில்லை. நீங்கள் கேட்ட மாத்திரை வேறெந்தத் தீங்கும் செய்யாவிட்டாலும் இந்த வாய்ப்பைப் பறித்துவிடலாம்.

வெற்று மாத்திரை கிடைக்கும் குழுவில் விழுந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் உண்மையான மருந்தைத் தருவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். பல ஆய்வுகள் தருகின்றன. பணம் கட்டினால்தான் ஆய்வில் சேரலாம் என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள், ஸ்டெம் செல் ஊசி என்று சொன்னால் இன்னும் வேகமாக.

ஆய்வு மையத்தை அழைக்கும் முன் நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கையில் பலவீனம் முதலில் தெரிந்த மாதம், கடைசியாக எடுத்த மூச்சுத்திறன் அளவும் தேதியும், மரபணுப் பரிசோதனை முடிவு, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும் சத்து மாத்திரைகளும். முதல் தொலைபேசி அழைப்பிலேயே அவர்கள் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான். முதல் அறிகுறி தெரிந்த மாதத்தை மட்டும் அண்ணனோடும் அண்ணியோடும் உட்கார்ந்து, நன்றாக யோசித்து எழுதுங்கள்.