உடுப்புத் தோய்க்க எவ்வளவு தூள் போடுறது? கேளுங்கோ, சொல்றன்

திருகோணமலையில 15 வருசமா வாஷிங் மெசின் திருத்துறன். கழட்டிப் பாத்தா ட்ரம்முக்குப் பின்னால சாம்பல் நிறத்தில ஒரு பசை ஒட்டிக் கிடக்கும், விரலால வழிச்சா கூழ் மாதிரி வரும். உடுப்பில இருந்த ஊத்தைய விட நீங்க காசு குடுத்து வாங்கிக் கொட்டின தூள்தான் அதில கனக்க. சரி, கேள்விக்கு வருவம்.

அண்ணா, எங்கட 7 கிலோ ஃப்ரன்ட் லோட் மெசின். லிக்விட் மூடி நிறைய ஊத்துறன், சரிதானே?

கூடிப்போச்சு தங்கச்சி. மூடிக்குள்ள கோடு இருக்கும், ஃபோன் லைட்ட அடிச்சுப் பாருங்கோ. சாதாரணமா வேர்த்த உடுப்புக்கு 2 மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி காணும். சேறு, எண்ணெய் எண்டா இன்னொரு கரண்டி. தூள் எண்டா மட்டமா 3 கரண்டியில தொடங்குங்கோ, ஊத்தை போகாட்டி மட்டும் கூட்டுங்கோ. 7 கிலோ எண்டுறது காய்ஞ்ச உடுப்பின்ட நிறை, அரைவாசி உடுப்புப் போட்டா தூளும் குறையோணும்.

நுரையே வராட்டி எப்பிடி ஊத்தை போகும்?

எல்லாரும் கேக்கிறது இதுதான். ஊத்தைய எடுக்கிறது நுரை இல்ல, தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கிற மருந்து, அதின்ட ஒரு முனை எண்ணெயப் பிடிக்கும் மற்ற முனை தண்ணியப் பிடிக்கும், அப்பிடியே இழுத்துக்கொண்டு போகும். ஃப்ரன்ட் லோட் மெசின் உடுப்பத் தூக்கித் தூக்கி விழுத்தித்தான் தோய்க்குது, நுரை கூடினா மெத்தையில விழுந்த மாதிரி ஆகிடும், அடி விழாது. அதுக்கெண்டு நுரை குறைஞ்ச தூள் தனியா விக்குது, அதையே வாங்குங்கோ.

நாங்க நிலாவெளி. கிணத்துத் தண்ணிக்கு எவ்வளவு போட்டாலும் நுரைக்குதே இல்ல.

அக்கா, இது வேற கதை. தண்ணியில கல்சியம், மக்னீசியம் கூட இருந்தா போடுற தூளில ஒரு பங்க அதுவே திண்டுடும். ஒரு சின்னப் போத்தலில மூண்டிலொரு பங்கு தண்ணி எடுத்து, சவர்க்காரக் கட்டியில கொஞ்சம் சீவிப் போட்டு நல்லாக் குலுக்குங்கோ. நுரை வராம பால் மாதிரிக் கலங்கித் திரி திரியா நிண்டா வன்தண்ணி. மாரிக்கு மழைத்தண்ணி பிடிச்சு அதையும் பக்கத்தில குலுக்கிப் பாருங்கோ, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வன்தண்ணி எண்டா தூள் ஒரு கரண்டி கூடப் போடலாம், இல்லாட்டி அரைக்கரண்டி சலவைச் சோடா சேருங்கோ (பட்டு, கம்பளிக்கு வேண்டாம்). கந்தளாய்க் குளத்துத் தண்ணி பைப்பில வாற ஆக்கள் இந்தக் கணக்கப் பாத்திட்டுக் கூட்டிப் போடாதேங்கோ, முதல்ல உங்கட தண்ணியக் குலுக்கிப் பாருங்கோ.

உப்புத் தண்ணி வேற, வன்தண்ணி வேற. உப்புக்குத் தூள் கூட்டிப் பிரயோசனம் இல்ல, கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி வேணும்.

துவாய் எல்லாம் அப்பளம் மாதிரி நிக்குது. கறுப்புச் சேட்டில வெள்ளைக் கோடு வேற.

தோய்ச்ச துவாய் ரெண்ட தூள் இல்லாம இளஞ்சூட்டுத் தண்ணியில ஓட விட்டுட்டுக் கண்ணாடிக்குள்ளால பாருங்கோ. நுரை வந்துதோ, பழைய தூள் இன்னும் உள்ளுக்கு நிக்குது. நுரை வராமப் போகும் வரைக்கும் வெறுந்தண்ணியில அலசுங்கோ, பேந்து தூள அரைவாசியாக் குறையுங்கோ. கைப்பிள்ளையின்ட உடுப்புக்கு எப்பவும் ஒரு அலசல் கூட. துவாய்க்கு வாசத் தண்ணி (உடுப்ப மெதுமையாக்கிற சொஃப்ட்னர்) ஊத்தாதேங்கோ, ஊத்தினா ஈரம் உறிஞ்சாது.

மெசினத் திறந்தா நாத்தம்.

வாயில இருக்கிற றப்பர விரிச்சுப் பாருங்கோ, கறுப்பாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கும். துடைச்சிட்டு மாசத்துக்கு ஒருக்கா உடுப்பில்லாம 60 பாகைச் சுடுதண்ணியில ஓட விடுங்கோ, தோய்ச்சு முடிஞ்சா கதவப் பூட்ட வேண்டாம். வினாகிரியையும் பிளீச்சையும் மட்டும் ஒண்டாக் கலந்திடாதேங்கோ, குளோரின் வாயு வரும், அது நஞ்சு.

பிள்ளையின்ட வெள்ளைச் சட்டை மஞ்சளாப் போகுது, பிளீச் போட்டா இன்னும் கூடுது!

தண்ணியில இரும்பு இருக்கும்போல. பிளீச் அதத் துருவாக்கிச் சீலையிலயே பிடிக்க வைக்கும். பிளீச் முழுக்க அலசிப் போன பிறகு தேசிக்காய்ப் புளியத் தடவி, கொஞ்சம் விட்டு அலசிப் பாருங்கோ, வெள்ளைப் பருத்திக்கு மட்டும்.

மீன் வாடைக்கு?

முதல்ல பச்சைத் தண்ணி. சுடுதண்ணி வேண்டாம், இரத்தம் எல்லாம் அவிஞ்சு பிடிச்சிடும்.

நான் அளந்து போட்டாலும் மாமி வந்து ஒரு கை அள்ளிப் போடுறா அண்ணா…

அந்தக் கையத் தடுக்க என்னாலயும் ஏலாது. எங்கட அம்மாவும் அப்பிடித்தான். பழைய பால்மாக் கரண்டி ஒண்ட எடுத்து, அது எத்தனை மேசைக்கரண்டி பிடிக்குதெண்டு அளந்து தூள் டின்னுக்க போட்டு வச்சன், டின் வாயையும் கை போகாத அளவுக்குச் சின்னதாப் பாத்து வாங்கினன். இப்ப அவ ஒரு கரண்டிதான் போடுறா, என்ன, குவிச்சுப் போடுறா.