எவ்வளவு நடந்தால் போதும்?

கேள்வி: எனக்கு வயது 54. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் நாளொன்றுக்கு 10,000 அடி நடக்கச் சொல்கிறது. நாத்தனாரோ தினமும் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுகிறார். அவருடன் ஒரு வாரம் ஏறியதில் வலது முழங்கால் வீங்கிவிட்டது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். எனக்கு எவ்வளவு உடற்பயிற்சி சரி?
– வாசகி, பினாங்கு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

'எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்' என்ற வரியில்தான் என் மனம் நின்றது. நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. அந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும் என்பதால், இனிப்புநீர் உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. ஆகவே கால் தேறியதும் குறைவாகவேனும் மீண்டும் தொடங்குங்கள்.

கடிகாரம் சொல்லும் 10,000 அடிக்கு அஞ்ச வேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்துதான் இந்தக் கணக்கு உலகெங்கும் பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடிகளை எண்ணச் சொல்லவில்லை. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. வீட்டிலிருந்து பாசாருக்கு ஐந்து நிமிடம் விரைந்து நடந்தாலும் அது சேரும்.

மிதமானது எது என்பதை உங்கள் மூச்சே சொல்லும். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிந்து, ஆனால் ஒரு முருகன் பாட்டைப் பாட முடியாமல் போனால், அதுதான் உங்களுக்கு உரிய வேகம். நாலு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் அது கடுமையான உழைப்பு. தண்ணீர்மலையின் 513 படிகள் பழகிய உங்கள் நாத்தனாருக்கு மிதமாகவும், பல ஆண்டு ஓய்ந்திருந்த உங்களுக்குக் கடுமையாகவும் இருப்பது இயல்பே. அதிலும் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பெரிதும் சோதிக்கும்.

வீக்கம் இருப்பதால், முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். அப்போதே, நீங்கள் சாப்பிடும் மாத்திரை நடக்கும் வேளையில் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடிய வகையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வகை மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, கையில் இனிப்பு மிட்டாயும் இருக்க வேண்டும்.

அவர் சம்மதித்த பின், இரவு உணவுக்குப் பிறகு சமதரையில் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் நடங்கள். ஒவ்வொரு வாரமும் சில நிமிடங்கள் கூட்டுங்கள். 150 நிமிடத்தை எட்ட மூன்று மாதம் ஆனாலும் குற்றமில்லை. கூட்டலாமா என்பதை மறுநாள் காலையில் முடிவு செய்யுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது முழங்கால் முந்தைய நாளைப் போலவே இருந்தால் கூட்டலாம். வலியோ வீக்கமோ மிஞ்சியிருந்தால் நேரத்தைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். வலுவுக்கு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை, வாரத்தில் இரண்டு நாள் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். முழங்கால் வலித்தால் கையூன்றியே எழுங்கள். நடையில் நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நின்று உதவி கேளுங்கள்.

நாத்தனாருடன் போவதையும் விட வேண்டாம். வெயில் ஏறுமுன் இருவரும் சேர்ந்தே புறப்படுங்கள். அவர் படியேறும் நேரத்தில், அதே சாலையில் உள்ள தாவரவியல் பூங்காவின் மர நிழலில் நீங்கள் உங்கள் வேகத்தில் நடந்துகொண்டிருக்கலாம். அவர் இறங்கி வந்ததும் ஒன்றாக வீடு திரும்பலாம்.